ஒரே ஒரு டிக்

வேலூர் வெயிலில் மனிதனே ஸ்டார்ட் ஆக மறுக்கிறான், பழைய அம்பாசடரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் மச்சான் பெட்டியோடு நிற்கிறார். இங்கே சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு "டிக்". அவ்வளவுதான்.

சத்துவாச்சாரியில் வண்டியைப் பார்த்த எல்லோரும் எலக்ட்ரீஷியன்கள். "பேட்டரி வீக் சார்" என்றார் ஒருவர். புதுசு போட்டேன். டிக். "செல்ஃப் மோட்டார் போச்சு" என்றார் இன்னொருவர். கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி மாட்டினோம். டிக். ஒருத்தராவது வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தாரா? அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். பேட்டரி 12.6 வோல்ட், குறையே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்து, பையனைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 4 வோல்ட் காட்டியது! அப்படியென்றால் நடுவில் எங்கோ கரண்ட்டுக்குத் தடை. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட்டில். பாடிக்கும் அதற்கும் இடையே கரண்ட் போக ஒரு எர்த் பட்டைதான் முறையான வழி. அது துருவேறி, பாதி அறுந்து தொங்கியது. கரண்ட், இன்ஜினுக்குப் போகும் மெல்லிய சோக் கேபிள் வழியாகக் குறுக்கே போயிருக்கிறது, தொட்டால் சுட்டது. (தீப்பிடிக்காமல் விட்டதே புண்ணியம்.)

உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பட்டை மாட்டினேன். அரைத் திருப்பில் கிளம்பியது. அப்புறம் பழைய பேட்டரியைச் சோதித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டோவில் வந்த மச்சான் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.