பஞ்சை அடைத்துவிட்டு சவுண்ட் ப்ரூஃப் என்கிறார்கள்

இரவு வேலை முடிந்து காலை 7 மணிக்கு வந்து படுக்கிறேன். மேல் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் 8 மணிக்கு எழும்பிவிடும். அதோடு என் நித்திரை போச்சு. குசினியிலிருந்து முன் அறைக்கு ஓட்டம், கதிரை இழுபடுகிற சத்தம், குதிக்காலை ஊன்றி நடக்கிற பெரியவரின் தொம் தொம், எல்லாம் என் நெஞ்சுக்கு நேர் மேலே. பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை என்றால் ஓடத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த சீலிங் மீதும், காசை வாங்கிக்கொண்டு இதை இப்படிப் போட்டுவிட்டுப் போனவர் மீதும்தான்.

டொரொண்டோவின் ஸ்காபரோவில், வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்டில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வந்த புதிதில் எங்களில் எத்தனையோ பேர் அங்கேதானே தொடங்கினோம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மேலே கார்ப்பெட் இருந்தது. கதைக்கிற குரல் கேட்கும், டொய்லெட் தண்ணீர் இறங்குவது கேட்கும், ஆனால் காலடி பொறுக்கக்கூடியதாக இருந்தது. போன வருடம் கார்ப்பெட்டைக் கிழித்தெறிந்துவிட்டு லாமினேட் பலகைத் தரை போட்டார்கள். விற்கிற நேரம் வீட்டுக்கு விலை கூடுமாம். கீழே ஒரு மனிதன் படுத்திருக்கிறான் என்று யாரும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

நாலு மாதம் சொல்லிச் சொல்லி, கடைசியில் வீட்டுக்காரர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். "இனி மேல கலியாணமே நடந்தாலும் உங்களுக்குக் கேக்காது அண்ணை" என்றார் அந்தத் தம்பி. மூன்று நாள் வேலை. பழைய சீலிங்கை இறக்கி, மரச்சட்டங்களுக்கு நடுவில் மினரல் வூல் பஞ்சை அடைத்து, ட்ரைவால் என்கிற ஜிப்சம் பலகையைப் பூட்டி, பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அந்தச் செலவைச் சொல்லி என் வாடகையிலும் 50 டொலர் ஏறியது.

மேலே ஓடுகிற டிவியின் சத்தம் குறைந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். தொம் தொம் அப்படியே இருக்கிறது. ஏன் என்று தேடிப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபமே வந்தது.

பேச்சும் பாட்டும் காற்று வழியாக வருகிற சத்தம். அதைப் பஞ்சு ஓரளவு குடித்துவிடும். காலடி அப்படி வருவதில்லை. குதிக்கால் லாமினேட்டில் அடிக்கிறது, அந்த அதிர்வு ப்ளைவுட்டுக்கு இறங்கி, மரச்சட்டத்துக்குப் போய், ஸ்க்ரூ வழியாக ட்ரைவாலுக்கு வருகிறது. முழு சீலிங்கும் தவில் தோல் மாதிரி அதிர்கிறது. பஞ்சு இருப்பது சட்டங்களுக்கு இடையில், அதிர்வு இறங்குவது சட்டத்தின் ஊடாக. அந்த இணைப்பை வெட்டாமல் எத்தனை மூட்டை பஞ்சை அடைத்து என்ன பயன்?

இணைப்பை வெட்டுவதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. ரெசிலியன்ட் சனல் என்று பெயர், வளைத்த மெல்லிய தகரப் பட்டை. அதை மரச்சட்டங்களுக்குக் குறுக்கே பூட்டி, ட்ரைவாலை அதில் தொங்கவிட வேண்டும். ஸ்க்ரூ மரத்தைத் தொடவே கூடாது. ஒன்றிரண்டு நீட்டு ஸ்க்ரூ சட்டத்தில் ஏறினாலே போட்ட சனலின் பலன் பெரும்பாலும் போய்விடும். ரப்பர் வைத்த கிளிப் இன்னும் நல்லது. கனடாவின் தேசியக் கட்டட விதியே, ஒரு வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பு வைத்தால் 150 மில்லிமீட்டர் பஞ்சு, சனல், 12.7 மில்லிமீட்டர் ட்ரைவால் என்று வழி சொல்கிறது. அதே விதியின் 2020 பதிப்பு காலடிச் சத்தத்துக்கு ஓர் அளவைப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது, கட்டாயம் ஆக்கவில்லை. எங்களை நித்திரையிலிருந்து எழுப்புவது அந்தச் சத்தம்தானே!

என் சீலிங்கில் சனல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல காந்தத்தை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினேன். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் இருக்கிற அறையில் சீலிங் மூடப்படவில்லை, சட்டங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று அங்கே தெரியும். காந்தத்தை மெல்ல மெல்ல நகர்த்தினேன். டக், டக் என்று ஸ்க்ரூத் தலைகளில் ஒட்டியது. 16 அங்குலத்துக்கு ஒரு வரிசை, எல்லா வரிசையும் சட்டம் ஓடுகிற அதே திசையில். அறைக்கு அறை பார்த்தேன், ஒரு வரிசைகூடக் குறுக்கே இல்லை. நேரே மரத்தில் அறைந்திருக்கிறார். காந்தத்தைப் பிடித்த கை சீலிங்கில் இருந்தபோதே மேலே சின்னவன் ஓடினான். உள்ளங்கையில் அந்த அதிர்வு ஓடியது.

வேலை செய்த அந்தத் தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அண்ணை, சனல் போட்டா சீலிங் பணிஞ்சு போகும்." சனலின் உயரம் அரை அங்குலம்! அரை அங்குலத்துக்காகவா நான் ஒரு வருடமாகப் பகல் நித்திரை இல்லாமல் கிடக்கிறேன்? அழகுக்கென்று சீலிங்குக்குள் பதிக்கிற பொட் லைட் ஆறு வெட்டினாரே, அந்த ஆறு ஓட்டையும் சத்தத்துக்குத் திறந்த வாசல் என்று அவருக்குத் தெரியாதா? என் கட்டிலுக்கு மேலே போகிற ஹீட்டர் தகரக் குழாயை ஒன்றும் செய்யாமல் விட்டாரே, அதன் வழியாக மேல் வீட்டுப் பேச்சு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். தெரிந்துகொண்டே சவுண்ட் ப்ரூஃப் என்று காசு வாங்குவது அநியாயம். முட்டைப் பெட்டி மாதிரிக் கறுப்பு ஸ்பொஞ்சை அதே பெயரில் விற்கிறவர்களும் அப்படித்தான். அது அறைக்குள் எதிரொலிப்பதைத்தான் குறைக்கும். மேலே இருந்து வருகிற அடியை ஒன்றும் செய்யாது.

காலடியை அது விழுகிற இடத்திலேயே பிடிப்பதுதான் சுகமான வழி, செலவும் குறைவு. பிள்ளைகள் ஓடுகிற அந்த நடையில் தடித்த ஃபெல்ட் துணி விரித்து, மேலே ஒரு கம்பளம் போட்டால் போதும். பாதிக் காசு நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பார்ப்போம் என்றார்கள். ஆறு கிழமை ஆகிறது. கதிரைக் கால்களுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் வட்டங்களை நானே வாங்கி, ஒரு பையில் போட்டு, மேலே போகிற படிக் கதவின் கைபிடியில் கொழுவிவிட்டு வந்தேன். பை இன்னும் அங்கேயே தொங்குகிறது. இன்று காலை 8:10க்குக் கதிரை இழுபட்டது.