காப்பிக்கடையில் தனியாக உட்காரும் பெண்

சிங்கப்பூர்க் காப்பிக்கடையைப் பற்றி யார் எழுதினாலும் கோப்பியில்தான் ஆரம்பிப்பார்கள். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுப்பது, துணிப்பையில் வடிப்பது, ஹைனான்காரர்கள் வளர்த்த தொழில், காயா ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை. எல்லாம் சரிதான். எனக்கு அந்தக் கோப்பியின் மேல் அப்படியொன்றும் பக்தி கிடையாது. பாதி நாள் நான் குடிப்பது தே ஹாலியா என்னும் இஞ்சித் தேநீர். நான் போவது நாற்காலிக்காக. ஒன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஊரை வேடிக்கை பார்க்க இந்தத் தீவில் வேறு எங்கே இடம் தருகிறார்கள்?

அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைகிறது. மாலை ஐந்து மணிக்கு உங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கடையை ஒரு நோட்டம் விடுங்கள். குடும்பமாகச் சாப்பிட வந்தவர்களை விட்டுவிடுங்கள். தனியாக, அவசரமில்லாமல், காலை நீட்டிக்கொண்டு இருப்பவர்களை மட்டும் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அங்கிள்கள். சீன அங்கிள், மலாய் அங்கிள், நம் தமிழ்த் தாத்தா. பெண்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பானக்கடையில் ஆர்டரை உள்ளே பார்த்துக் கத்தும் அண்ட்டி. மேசை துடைக்கும் அண்ட்டி. பியர் விற்கும் அண்ட்டி. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கஞ்சி ஊட்டிக்கொண்டே ஊரிலிருக்கும் தன் பிள்ளையோடு வீடியோவில் பேசும் பணிப்பெண். டாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பை விரலை அறுக்க, மின்தூக்கியை நோக்கி ஓடும் அம்மா. அத்தனை பேரும் வேலையாக இருக்கிறார்கள். சும்மா இருப்பவள் ஒருத்தியும் இல்லை.

2020 டிசம்பரில் நம் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் மார்தட்டிக்கொண்டோம். நானும்தான். எல்லா இனத்தவரும் கூடிச் சாப்பிடும் இடம் என்று பெருமையாகச் சொன்னோம். (காப்பிக்கடை வேறு, உணவங்காடி நிலையம் வேறு என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: தெரியும். நாற்காலி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.) கூடிச் சாப்பிடுவது நல்லதுதான். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து, சாப்பிடாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் அந்தப் பெருமையில் இடமுண்டா என்பதுதான் என் கேள்வி.

நம் ஆட்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. தெரிந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: "என்னாச்சு, தனியா உக்காந்திருக்கே? வீட்ல ஏதும் பிரச்சனையா?" இல்லைக்கா, சும்மாதான் என்றேன். அவர் நம்பவில்லை. அன்று ராத்திரி என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. சிங்கப்பூரில் கேமரா அதிகம் என்பார்கள்; நம் சமூகத்துக்கு அந்தச் செலவே தேவையில்லை. அதே கடையில், அதே நேரம், என் வீட்டுக்காரர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஒரு ஈ காக்கா கேட்காது. ஆம்பளை உட்கார்ந்தால் இளைப்பாறுகிறார். பொம்பளை உட்கார்ந்தால் ஏதோ நடந்துவிட்டது.

சரி, அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் வந்து பாருங்கள். 4டி என்னும் நான்கு இலக்க லாட்டரியின் குலுக்கல் ஆறரை மணிக்கு. ஆறு மணியிலிருந்தே கடையின் காற்று மாறிவிடும். எனக்குப் பக்கத்து மேசையில் வழக்கமாக இரண்டு பேர். ஒருவர் டாக்சி ஓட்டும் நம் ஆள், இன்னொருவர் எழுபதைத் தாண்டிய சீனர். இருவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாயில்), அதுவும் பேசுகிற நாளில்தான். டாக்சிக்காரர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கோப்பித் தட்டின் அடியில் வைப்பார். முடிவு வரும்வரை கையில் தொட மாட்டார். சீனர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கைப்பேசியை மூக்கருகே பிடித்திருப்பார். நேரம் வந்ததும் கடையின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் தலைகள் குனியும். அப்புறம் நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம், இங்கொன்றும் அங்கொன்றுமாக. "தாக் அடா லா" (இல்லைப்பா) என்பார் சீனர். டாக்சிக்காரர் சீட்டைக் கசக்கவே மாட்டார். அழகாக மடித்து மறுபடி பையிலேயே வைத்துக்கொள்வார். ஏன் என்று தெரியவில்லை, கேட்கவும் மாட்டேன். அடுத்த நிமிஷமே இருவரும் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். காலையில் சிக்னலில் இடிபட்ட காரின் நம்பர், போன வாரம் இறந்துபோனவரின் வீட்டு நம்பர். துக்க வீட்டுக்குப் போனவர்கள் புளோக் எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவது இந்த ஊரில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இருவரும் ஒரே மேசைக்கு வந்தது தற்செயல் இல்லை. இங்கே பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இருக்கிறோம். எந்த புளோக்கிலும் ஒரே இனம் குவிந்துவிடாதபடி 1989இல் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். வீடு விற்கப்போகும்போது அந்த ஒதுக்கீட்டைத் திட்டாத தமிழர் குறைவு. வாங்க ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வீடு கலந்தால் கீழே கடையும் கலக்கும். நம் வீட்டுப் பாட்டி ஹொக்கியனும் மலாயும் கலந்து "கோப்பி ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) என்று தெளிவாகச் சொல்லி வாங்குவதும், பராட்டாக் கடை பாய் சீனப் பிள்ளைகளிடம் அவர்கள் மொழியில் பேரம் பேசுவதும் யாரும் வகுப்பெடுத்து வந்ததல்ல.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பியர் விற்கும் ஓர் அண்ட்டி. கம்பெனிச் சட்டை, உதட்டுச் சாயம், இடுப்பில் சில்லறைப் பை. மேசை மேசையாகப் போய், "அண்ணே, இன்னொரு போத்தல்?" என்று தமிழிலேயே கேட்கத் தெரியும் அவருக்கு. சிரிப்பு மாறவே மாறாது. கூட்டம் கொஞ்சம் குறையும்போது ஐஸ்பெட்டிக்குப் பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொள்வார். அந்த நேரம் முகத்தில் சிரிப்பு இருக்காது. எங்கிருந்தோ "அமோய்!" என்று கூப்பிட்டால் செருப்பும் சிரிப்பும் ஒன்றாகத் திரும்பி வரும். ஒரு தடவை அவர் நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சிமிட்டினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: நான் இருக்கும் மேசைக்கு அவர் போத்தலோடு வருவதில்லை, சும்மா வந்து ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

குளிரூட்டிய கஃபேக்குப் போகலாமே, அங்கே பெண்கள் தாராளமாகத் தனியாக உட்கார்கிறார்களே என்று என் மகள் சொல்கிறாள். உண்மைதான், போயிருக்கிறேன். ஆறேழு வெள்ளிக்கு ஒரு கப், நுரையில் ஓர் இலைக்கோலம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எல்லோரும் மடிக்கணினிக்குள் இருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெரு சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒலி நிறுத்திய டிவி மாதிரி. காப்பிக்கடையின் பெரிய வசதி அதற்குச் சுவர் இல்லாததுதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மின்தூக்கிக்குப் போக அதற்குள்ளேதான் குறுக்கே நடக்கிறார். பள்ளிப் பிள்ளை ரிப்போர்ட் புத்தகத்தை எந்தப் பையில் ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டே போகிறான். மைனா ஒன்று காலி மேசையில் இறங்கி, மிச்சமிருக்கும் நூடுல்ஸை இழுத்துக்கொண்டு பறக்கிறது. தமிழ்நாட்டு அரசியல் விவாதத்தை இயர்போன் இல்லாமல் முழு ஒலியில் கேட்கும் நம் தாத்தா ஒருவரும் உண்டு. அவர் புண்ணியத்தில், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பானக்கடை அண்ட்டிக்குக்கூட அங்கே யாரோ யார்மீதோ கோபமாக இருக்கிறார் என்பது தெரியும்.

ராத்திரி என்றால் பராட்டாக் கடை. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் நம் தமிழ் முஸ்லிம் கடைகளில் பின்னிரவில் வரும் கூட்டமே தனி. ஷிப்ட் முடிந்த தாதியர், விமான நிலையத்துப் பாதுகாவலர்கள், கால்பந்து பார்த்துத் தொண்டை கட்டிய பையன்கள். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோருமே வேலையிலிருந்து வந்தவர்கள். சீருடை போட்டிருந்தால் உட்காரலாம் போலிருக்கிறது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு. கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் ஆறு நாள் உழைத்த தம்பிகளுக்கு அது ஒரே நாள். அன்றைக்கு அந்த இடம் அவர்களுடையது. ஒரு நாற்காலியை நாம் பிடித்து வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

சும்மா உட்காருவதற்கே இப்போது நெருக்கடி. 2022இல் தெம்பனிசில் ஒரு காப்பிக்கடை 41 மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். அந்தப் பணம் வானத்திலிருந்தா வரும்? கடைக்காரரின் வாடகையில் ஏறி, நம் தட்டில் இறங்கி, கடைசியில் ஒரு கோப்பிக்கு ஒரு மணி நேரம் உட்காரும் என்னைப் போன்றவர்மீது பார்வையாக விழுகிறது. சில கடைகளில் ஆர்டருக்குத் திரை வைத்துவிட்டார்கள். என் வழக்கமான கடையில் தம்பி தூரத்திலேயே பார்த்துவிட்டு, "அக்கா, தே ஹாலியா, சீனி கம்மிதானே?" என்பான். திரைக்கு நான் தினமும் புது ஆள். தட்டைத் திருப்பி வைக்கும் விதி மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலும், காப்பிக்கடைகளில் அடுத்த ஜனவரியிலும் கட்டாயமாக்கினார்கள். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி மாட்டினால் 300 வெள்ளி. வாழ்நாளில் சாப்பிட்ட தட்டை எடுத்தறியாத எத்தனை தாத்தாக்கள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஹலால் அடுக்கு எது மற்றது எது என்று தேடியதைப் பார்த்தேன்! அவர்கள் வீட்டுப் பாட்டிகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டிய காட்சி. பாட்டிகள் வீட்டில் இருந்தார்கள்.

"பாதுகாப்பா இருக்குமா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அந்த மேசையை விட்டுத் தள்ளி உட்காருங்கள், அவ்வளவுதான். சிகரெட் புகை எனக்கும் ஆகாது. புகைக்க ஒதுக்கிய மூலை இருக்கும் கடைகளில் மஞ்சள் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். முறைத்துப் பார்ப்பார்களே என்றால், பார்ப்பார்கள். நாமும் பார்க்கத்தானே போயிருக்கிறோம்.

இடம் பிடிப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. டிவிக்கு எதிரே வேண்டாம், எல்லார் முகமும் உங்களுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம், தே ஆறிப்போகும். தூணை ஒட்டி, மின்தூக்கிப் பக்கம் பார்த்த மேசைதான் சரி. முதுகுக்குப் பின்னால் யாரும் வர மாட்டார்கள், வீடு திரும்புகிற அத்தனை பேரும் முன்னால் போவார்கள். டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டு ஆர்டர் கொடுக்கப் போங்கள். கைப்பேசியைப் பையிலேயே வையுங்கள், புத்தகமும் வேண்டாம்; அதெல்லாம் நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் லீவு லெட்டர். தெரிந்தவர் யாராவது வந்து என்னாச்சு என்று கேட்டால், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். என்னைக் கேட்ட அந்தக் காய்கறிப் பை அக்கா போன வாரம் உட்கார்ந்துவிட்டார். தே சி (பால் விட்ட தேநீர்) குடித்தார், இரண்டு தடவை மணி பார்த்தார், பக்கத்து மேசைச் சீட்டை என்னைவிட உன்னிப்பாகக் கவனித்தார். புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வருவதென்றால் ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் மேசை கிடைக்காது.