மூக்கில் தட்ட வேண்டாம்
நாய்க்குட்டி பாய்ந்து கடித்தால் மூக்கில் தட்டச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தட்டினால், அப்புறம் கை பக்கத்தில் வந்தாலே மிரளும். இல்லாவிட்டால் அதையும் விளையாட்டென்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும்.

இரண்டு, மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். சாயங்காலம் வீடே அதிர ஓடி வேட்டியைக் கவ்வி இழுக்கிறதென்றால், பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் விழித்திருந்தால் போதும். மூத்திரம் போகவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் படுக்க வையுங்கள். களைத்துப் போகட்டும் என்று அப்போது பந்து எறிந்தால் வெறி கூடத்தான் செய்யும்.

பொறுமையைச் சோற்றுத் தட்டில் பழக்கலாம். தட்டை மெல்ல இறக்குங்கள். எகிறினால் பேசாமல் மேலே தூக்குங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் மறுபடி இறக்குங்கள். முதல் நாள் ஒரு நொடி நின்றாலே சாப்பிட விடுங்கள். எடுத்த எடுப்பில் 10 நொடி கேட்பதால்தான் எரிச்சலாகிக் குரைக்கிறது. குதிக்கும்போது வீட்டில் ஒருவர் கொஞ்சினாலும் மற்றவர் பழக்கியது வீண்.

நாலாம் மாதம் பல் விழும்போது கடி கூடும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், விழுங்கிவிடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.