'குணமடைந்தார்' என்று எழுதிய பிறகு

அக்காவின் காசநோய் (டிபி) சிகிச்சை அட்டையில் 'குணமடைந்தார்' என்று எழுதிப் பத்து மாதமாகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்துப் பயந்து அழுதவள் அதற்கும் பழகிக்கொண்டாள். சளியில் கிருமி இல்லை. அரசாங்கக் கணக்கு அத்தோடு முடிந்தது.

வீட்டுக் கணக்கு முடியவில்லை. தெருக் குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு வருகிறவள் பாதி வழியில், பிள்ளையார் கோவில் திண்ணையில் அதை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறாள். வாய் திறந்தபடி மூச்சு வாங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. வயது முப்பத்தாறுதான்.

கிருமி செத்தாலும் அது அரித்த இடம் தழும்பாக நின்றுவிடுகிறது. சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும், சிலருக்கு விரிந்துபோய்ச் சளி கட்டும். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. போன மாதம் இருமலுக்குப் போன இடத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்ததும் "மறுபடியும் டிபி" என்றார்கள். சளியைக்கூடச் சோதிக்கவில்லை. அன்று இரவு முழுக்க அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேறு இடத்தில் சளி கொடுத்துப் பார்த்தோம், கிருமி இல்லை. படத்தில் தெரிந்தது பழைய தழும்பு. தயவுசெய்து பழைய எக்ஸ்ரேயையும் அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாமியார் வீட்டில் அவள் டம்ளரின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார்கள். இன்றும் அது தனியாக ஜன்னலோரம்தான் இருக்கிறது. எனக்கு மனம் ஆறவே இல்லை. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலே போதும், அதனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1956-இல் தொடங்கிய ஆய்வில் உலகத்துக்கே காட்டியது நம் சென்னை. சிகிச்சையில் இருந்தவர்களுக்கே அப்படியென்றால், குணமானவளின் டம்ளருக்கு எதற்குப் பொட்டு?

டிபி நோயாளிகளுக்கு அரசாங்கம் தரும் ஊட்டச்சத்துக்கான பணத்தை 2024 நவம்பரில் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மாத்திரையோடு அதுவும் நின்றுவிடுகிறது. உடம்பு தேறுவது அதற்குப் பிறகுதானே? சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டியே சொல்கிறது. நோய் திரும்புகிறதா என்பதற்காக அந்தச் சோதனை. அதே நாளில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் வலுவையும் அளக்கட்டும், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கட்டும். எத்தனை மாடி ஏற முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்கட்டும்.

ஆறாம் மாதம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் மாதத்துக்கு நாங்களே போகிறோம். ஊதும் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்கப் போகிறேன்.