ரேஷன் அரிசி தர்மமா, உரிமையா?

ரேஷன் அரிசி அரசு தர்மமாகக் கொடுப்பது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை.

2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு இதை உரிமையாகவே வைத்திருக்கிறது. முன்னுரிமைக் குடும்பம் (இந்தச் சட்டத்தின் கீழ் ரேஷன் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பம்) என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்த்யோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பத்துக்கு, மாதம் மொத்தமாக 35 கிலோ. கொடுக்கத் தவறினால் அதற்கு ஈடாகப் பணம் பெறும் உரிமையை 8-வது பிரிவு தருகிறது. தர்மம் செய்பவரிடம் போய் இப்படிக் கேட்க முடியுமா? சட்டத்தை மாற்றாமல் இதை நிறுத்த முடியாது.

தமிழ்நாட்டில் உங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிஎச்எச் என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம், கூடவே ஏஏஒய் என்றும் இருந்தால் அந்த்யோதயா. இரண்டும் இந்தச் சட்டத்துக்குள் வரும். என்பிஎச்எச், அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பத்தின் கார்டுக்குக் கிடைக்கும் அரிசி மட்டும் மாநில அரசின் கொள்கை முடிவு. அந்தக் கார்டுக்காரர்களைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால், தர்மம் என்பவர்களின் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கும்.

சட்டத்தின் முழு வாசகமும் மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 3, 8 இரண்டு பிரிவுகளை மட்டும் படித்தாலே போதும்.