முதலிடம் வந்தது ரீமிக்ஸுக்கு முன்பே

கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய பிறகுதான் ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டு, அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அது சரியாக வராது.

சைரஸ் சேர்ந்து பாடிய ரீமிக்ஸ் வெளியானது 2019 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. பாட்டு முதலிடம் வந்தது ஏப்ரல் 13 தேதியிட்ட பட்டியலில். குழப்பம் இங்கேதான். பட்டியலில் இருக்கும் தேதி வேறு, கணக்கெடுத்த வாரம் வேறு. அந்தப் பட்டியலுக்கான ஸ்ட்ரீமிங், விற்பனைக் கணக்கு ஏப்ரல் 4, வியாழனோடு முடிந்துவிட்டது. ஆக, அட்லாண்டா பக்கத்துப் பையன் லில் நாஸ் எக்ஸ் தனியாகப் பாடிய மூலப் பாட்டுதான் மேலே ஏறியது. வயது இருபதுகூட நிறையவில்லை!

நீங்களே பார்க்கலாம். பில்போர்டு தளத்தில் ஹாட் 100 பக்கத்தைத் திறந்து 2019 ஏப்ரல் 13-ஐத் தேர்ந்தெடுங்கள். பாடகர் பெயர் ஒன்றுதான் இருக்கும். அடுத்த வாரம், ஏப்ரல் 20-க்குப் போனால் சைரஸ் பெயரும் சேர்ந்திருக்கும்.

பாட்டு மொத்தம் 19 வாரம் முதலிடத்தில் நின்றதில் ரீமிக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை.