மெடிக் ஆடுகிறவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

எதிரியைச் சுட்டு வீழ்த்துகிற ஒரு கில்லுக்கு வருகிற எக்ஸ்பியில், அதாவது லெவல் ஏற்றுகிற புள்ளியில், கால்வாசிகூட விழுந்த கூட்டாளியைத் தூக்கிவிடுகிற ஒரு ரிவைவுக்கு வருவதில்லை. எந்த ஊர் நியாயம் இது?

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம், பெயர் என்ன என்று சொல்லப் போவதில்லை. நாலு பேர் ஸ்குவாட், எல்லோரும் கோத்தகிரிப் பசங்க. நான் மெடிக், அதாவது ஸ்குவாடுக்கு வைத்தியன். சுடத் தெரியாமல் எடுத்த ரோல் இல்லை, பிடித்துப்போய் எடுத்தது. குண்டு பறக்கும்போது விழுந்து கிடப்பவனிடம் ஓடி, அந்த வட்டம் நிரம்புகிறவரை அசையாமல் குந்தியிருக்கத் தனி தைரியம் வேண்டும். "மச்சான் தூக்குடா, தூக்குடா" என்று மைக்கில் கத்துவான். தூக்கிவிடுவேன். எழுந்த கையோடு ரெண்டு பேரை அடிப்பான். மேட்ச் முடிந்து பார்த்தால் அவனுக்கு லெவல் ஏறியிருக்கும், என் பட்டை நின்ற இடத்திலேயே நிற்கும்.

லெவல் வெறும் நம்பர் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். மெடிக்குக்கு வேண்டிய அத்தனையையும் அந்த லெவலுக்குள்தானே பூட்டி வைத்திருக்கிறார்கள்! எதிரி கண்ணை மறைக்கிற ஸ்மோக் குண்டு 20-ஆம் லெவலில். சீக்கிரம் ரிவைவ் பண்ணுகிற பெர்க், அதாவது கூடுதல் திறன், 35-இல். ஸ்மோக் இல்லாமல் திறந்த வெளியில் ஒருத்தனைத் தூக்கப் போனால் ரெண்டு பேரும் சாவோம். அதை ஆடிச் சீக்கிரம் அன்லாக் பண்ண ஒரே வழி, மெடிக்கை விட்டுவிட்டு ஸ்னைப்பர் எடுத்து மூலையில் படுத்துக் கில் சேர்ப்பதுதான். கொழுந்து பறிக்க வந்தவரிடம், முதலில் நூறு கிலோ பறித்துக் காட்டு, அப்புறம் கூடை தருகிறேன் என்றால் எப்படி இருக்கும்? அதேதான்.

முடியாத காரியமும் இல்லை. 2007 அக்டோபரிலேயே டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்கிற கேம் வந்துவிட்டது. ஒன்பது க்ளாஸ், அதாவது ரோல், ஒன்பதும் முதல் நாளிலிருந்தே திறந்தே இருந்தன. மெடிக் குணமாக்கக் குணமாக்க யூபர்சார்ஜ் என்கிற சக்தி ஏறும், நிரம்பியதும் கொஞ்ச நேரம் அவரையும் அவர் காப்பாற்றுகிறவரையும் எந்தக் குண்டும் தொடாது. மெடிக் வேலைக்கு மெடிக் வேலையே பலன். அடுத்த மாதமே கால் ஆஃப் டியூட்டி 4 வந்தது: 55 லெவல், துப்பாக்கியும் பெர்க்கும் லெவல் ஏற ஏறத்தான், எல்லாம் முடிந்தால் பிரெஸ்டீஜ் என்று திரும்ப ஒன்றிலிருந்து. சுடுகிற ஆட்டத்துக்கு அது பொருந்தியது, குறை சொல்ல மாட்டேன். அதை அப்படியே தூக்கி வந்து மெடிக் தலையில் கட்டியதுதான் அநியாயம்.

இதில் எங்கள் மலைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஐப்பசி மழை பிடித்தால் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) லைன்மேல் சாயும், கரண்ட் போகும். லைன்மேன் அண்ணன்மார் கொட்டுகிற மழையிலும் வந்து ஏறுகிறார்கள், அவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் மோடம் அணைந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் திரும்ப நுழைவதற்குள் "பாதியில் வெளியேறினீர்கள்" என்று தண்டனை போட்டு, அதுவரை தூக்கிவிட்டவர்களுக்கு வந்த எக்ஸ்பியையும் சேர்த்துப் பிடுங்குவது என்ன நியாயம்? செய்த வேலைக்கான கூலி அய்யா அது! டபுள் எக்ஸ்பி வார இறுதியிலும் இப்படிப் போனால் வயிறு எரியாதா?

அதே லெவலைக் கேமுக்குள் இருக்கிற கடையில் காசுக்கு விற்கிறார்கள். அங்கேதான் குட்டு வெளிப்படுகிறது.

மெடிக்கே கிடைக்கவில்லை என்று, மேட்ச் தொடங்கக் காத்திருக்கிற லாபி முழுக்கப் புலம்பல். எப்படிக் கிடைப்பான்? ஸ்மோக்கை முதல் லெவலிலேயே கொடுங்கள். ரிவைவுக்கும் கில்லுக்குச் சமமாக எக்ஸ்பி போடுங்கள். கரண்ட் போனவன் அதுவரை சேர்த்ததில் கை வைக்காதீர்கள். துப்பாக்கிக்குப் புதுப் பெயின்ட் விற்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.